அலுமினியத்தில் ஒட்டாத காந்தம்: சைக்கிள் ரோலருக்குப் பாரம் சேர்த்த ஒரு முயற்சி

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். என் எடையும் சைக்கிள் எடையும் சேர்ந்து 82 கிலோ. மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் அந்த மலையில் ஏற, பெடலில் கிட்டத்தட்ட 180 வாட் விடாமல் கொடுக்க வேண்டும். அதுவும் இரண்டே கால் மணி நேரத்துக்கு. இதற்கு வீட்டிலேயே பழகலாம் என்று நினைத்தபோதுதான் என் ரோலரின் குறை தெரிந்தது.

ரோலர் பார்க்காதவர்களுக்கு: ஒரு சட்டத்தில் மூன்று உருளைகள். பின்சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவே உட்காரும், முன்சக்கரம் மூன்றாவதன் மேல் நிற்கும். முன் உருளை சும்மா நிற்காமல் இருக்க, நடு உருளையிலிருந்து அதற்கு ஒரு பெல்ட் ஓடும். சைக்கிளை எதுவும் பிடித்துக்கொள்வதில்லை. ரோட்டில் ஓட்டுவதைப் போலவே சமநிலை பார்த்து ஓட்ட வேண்டும். முதல் வாரம் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பழகுவார்கள், நானும் அப்படித்தான்.

என்னுடையது கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் செய்தது. 114 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன் உள்ள அலுமினியக் குழாய், 40 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, 6202 பேரிங் வைத்தது. மூன்று வருடமாக அருமையாக ஓடுகிறது. அந்த அருமைதான் பிரச்சினை. மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் பெடலை நண்பர் ஒருவரிடம் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 90 வாட்தான் செலவாகிறது. ரோட்டில் இதே வேகத்தில் காற்றைக் கிழிக்கவே இதைவிட அதிகம் வேண்டும். ரோலரில் எதிர்க்காற்று கிடையாது. டயர் உருளையில் நசுங்கி எழுவதில் வீணாகும் சக்திதான் பெரும்பாலும் எல்லாமே. அது வேகத்துக்கு நேர்விகிதமாக ஏறும். அப்படியானால் 180 வாட் வேண்டுமென்றால் 60 கி.மீ. வேகத்தில் மிதிக்க வேண்டும். 40 செ.மீ. அகலத்துக்குள். ஒரு முறை 52 வரை போய்விட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அதற்கப்புறம் போகவில்லை.

சின்னச் சின்ன வழிகளெல்லாம் பார்த்தாயிற்று. டயரில் காற்றைக் குறைத்தால் கொஞ்சம் கனக்கும், ஆனால் டயர் சூடேறித் தேய்கிறது. உருளைக்கு அடியில் பழைய துண்டைக் கட்டி உரச விடுவது பலரும் செய்யும் வேலை. பத்தே நிமிடத்தில் தீய்ந்த வாசனை வந்து, வீட்டிலிருந்து ஒரு குரலும் வந்தது. காந்தப் பாரத்தோடு வரும் ரோலர்கள் சந்தையில் உண்டு, எலைட் நிறுவனத்தின் ஆரியோன் மேக் அப்படி ஒன்று. ஆனால் நல்ல உருளைகள் மூன்று கையில் இருக்கும்போது இன்னொரு ரோலர் வாங்க மனசு வரவில்லை.

பட்டறையில் ஒரு குழாய்த் துண்டு

காந்தம் வைக்கப் போகிறேன் என்று சொன்னதும் பட்டறைக்கார அண்ணன் சிரித்தார். “அலுமினியத்துல காந்தமே ஒட்டாதுங்களே தம்பி. ஒட்டாத காந்தம் எப்படி இழுக்கும்?”

என் பையில் 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமனில் நியோடிமியம் வட்டக் காந்தங்கள் இருந்தன. கீழே கிடந்த ஒரு அலுமினியக் குழாய்த் துண்டை எடுத்து நிமிர்த்திப் பிடித்து, இரண்டு காந்தத்தை ஒட்ட வைத்து உள்ளே விட்டேன். கல்லைப் போட்டது போல விழ வேண்டிய காந்தம், எண்ணெய்க்குள் இறங்குவது போல மெதுவாக வந்து அவர் கையில் விழுந்தது. அவர் அதை வாங்கி ஒரு போல்ட்டைப் போட்டுப் பார்த்தார், சட்டென்று விழுந்தது. மறுபடி காந்தம். மறுபடி போல்ட். நாலைந்து தடவை ஆனதும், “ஓ, கரண்ட் மீட்டர் தட்டுங்களா!” என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பழைய மின்சார மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டே இருக்குமே, அதன் ஓரத்தில் ஒரு நிலைக்காந்தம் கவ்வியபடி நிற்கும். தட்டு கட்டுப்பாடில்லாமல் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். காந்தத்துக்குப் பக்கத்தில் உலோகம் நகரும்போது உலோகத்துக்குள் சின்னச் சின்ன வளையங்களாக மின்னோட்டம் பிறக்கிறது. இதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். லென்ஸ் விதிப்படி அந்த மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த நகர்வையே எதிர்க்கும். ஓடாத உருளையில் இழுவையே இருக்காது, ஓட ஓடத்தான் ஏறும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1855-இல் காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுற்றிக் காட்டியது இதைத்தான். சுற்றக் கூடுதல் பலம் தேவைப்பட்டது, தட்டும் சூடானது. இந்தச் சூட்டைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

நமக்கு வசதியான விஷயம் ஒன்று இதில் உண்டு. உருளை பெரிதோ சிறிதோ, அதன் மேற்பரப்பு ஓடும் வேகமும் டயர் ஓடும் வேகமும் ஒன்றுதான். அதனால் கணக்கு எளிது. 30 கி.மீ. என்றால் நொடிக்கு 8.33 மீட்டர். மேற்பரப்பில் 12 நியூட்டன் இழுவை இருந்தால் 100 வாட். 12 நியூட்டன் என்பது ஒன்றே கால் கிலோ எடைக்கும் கொஞ்சம் குறைவு. இவ்வளவுதான் வேண்டும்.

முதல் முயற்சி, 50 கிராம்

ஒரு ப்ளைவுட் துண்டில் ஆறு காந்தங்களை வரிசையாக எப்பாக்ஸியில் ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே துருவம் உருளையைப் பார்த்தபடி. அப்போது அதுதான் சரி என்று தோன்றியது, எல்லாக் காந்தமும் ஒரே பக்கம் தள்ளினால் பலம் கூடும் என்ற எண்ணம். உரசிவிடக் கூடாதே என்று 8 மி.மீ. இடைவெளி விட்டேன். ஏறி மிதித்தேன். கொஞ்சம் கனக்கிற மாதிரி இருந்தது. கனக்கிற மாதிரி என்பதுதான் சிக்கல். காசு போட்டவனுக்குக் கனக்காமலா போகும்?

பவர் மீட்டர் பெடலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அளக்க வேறு வழி வேண்டும். இந்த முயற்சி முழுவதிலும் நான் செய்த உருப்படியான ஒரே காரியம் அடுத்து வருவதுதான் என்று நினைக்கிறேன்.

காந்தம் உருளையைப் பின்னுக்கு இழுத்தால், உருளை காந்தத்தை அதே அளவு முன்னுக்கு இழுக்கும். அப்படியானால் உருளையை விட்டுவிட்டுக் காந்தத்தை எடை போடலாம். காந்தம் ஒட்டிய பலகையை உருளையின் அச்சிலேயே இரண்டு கைகள் போட்டு ஊஞ்சல் போலத் தொங்க விட்டேன். அச்சு சுற்றுவதில்லை, உருளைதான் பேரிங்கில் சுற்றுகிறது. அதனால் ஊஞ்சல் தாராளமாக ஆடும். ஊஞ்சலின் கையை நீட்டி, அச்சிலிருந்து 114 மி.மீ. தள்ளி ஒரு கொக்கி. அந்தக் கொக்கியைப் பெட்டி எடை பார்க்கும் லக்கேஜ் தராசில் மாட்டி, தராசைச் சட்டத்தில் கட்டினேன். மிதிக்கும்போது உருளை ஊஞ்சலைத் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கும், தராசு பிடித்து நிறுத்தும், எத்தனை கிராம் என்று காட்டும். உருளையின் ஆரம் 57 மி.மீ., கொக்கி அதற்கு இரு மடங்கு தூரத்தில் இருக்கிறது. அதனால் தராசு காட்டுவதைப் போல இரண்டு பங்குதான் மேற்பரப்பில் உள்ள இழுவை. 600 கிராம் காட்டினால் 1.2 கிலோ, அதாவது 11.8 நியூட்டன், 30 கி.மீ. வேகத்தில் 98 வாட்.

ப்ளைவுட் பலகைக்குத் தராசு காட்டியது 50 கிராம். எட்டு வாட். ஒரு எல்.இ.டி. பல்பு.

ஸ்பீக்கருக்குப் பின்னால்

இன்னும் பெரிய காந்தம் வாங்கலாம் என்று பட்டறைக்குப் போனேன். அண்ணன் என் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு கிழிந்த ஸ்பீக்கரை எடுத்தார். “இதுல பாருங்க தம்பி, காந்தத்துக்குப் பின்னாடி இரும்புத் தட்டு இருக்குதுங்க. சும்மா வச்சிருக்க மாட்டாங்க. உங்களுக்கு மரமில்ல இருக்குது.”

அவருக்குக் காந்தக் கணக்கு தெரியாது. ஆனால் விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். காந்த விசைக்கோடுகள் ஒரு துருவத்தில் கிளம்பி மறு துருவத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். பின்னால் மரம் இருந்தால் காற்றிலேயே அலைந்து திரும்பும். இரும்பு இருந்தால் அதன் வழியாகச் சுலபமாகப் பக்கத்துக் காந்தத்துக்குப் போய்விடும், பின்பக்கம் வீணாவது முன்பக்கம் வந்து சேரும். அதற்குப் பக்கத்துக் காந்தம் எதிர்த்துருவமாக இருக்க வேண்டும். வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று உருளை ஓடும் திசையில் மாற்றி மாற்றி. நான் எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பியது அடுத்த தப்பு. சுழல் மின்னோட்டம் பிறப்பது காந்தப் புலம் மாறும் இடத்தில்தான். ஒரே துருவம் வரிசையாக நின்றால் உருளைக்கு நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மட்டும்தான் பெரிய மாற்றம். மாற்றி வைத்தால் ஒவ்வொரு காந்தத்தைத் தாண்டும்போதும் புலம் தலைகீழாகும்.

மூன்றாவது தப்பு, தட்டையான பலகை. உருளை வளைந்தது. நடுக் காந்தம் 8 மி.மீ. தள்ளி நின்றால் ஓரக் காந்தம் எங்கேயோ நிற்கிறது. இதற்கு அண்ணனிடம் விடை தயாராக இருந்தது. 5 அங்குல எம்.எஸ். (சாதாரண இரும்பு) பைப்பில் ஒரு துண்டு வெட்டி, அதை நீளவாக்கில் பிளந்து ஒரு வில்லாக எடுத்தார். உள் ஆரம் சுமார் 65 மி.மீ. அதில் 5 மி.மீ. காந்தம் போக உருளைக்கு 3 மி.மீ. மிச்சம். அளந்து செய்தது போல இருந்தது. அவர் அளக்கவில்லை, கண்ணாலேயே எடுத்தார்.

வில்லின் உட்பக்கம் வளைவு நெடுக நான்கு காந்தம், உருளையின் நீளவாக்கில் இரண்டு வரிசை, மொத்தம் எட்டு. ஒன்றின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் 24 மி.மீ. இரும்பில் வைப்பதால் எப்பாக்ஸி காயும் வரை நகராது என்று நினைத்தேன். எதிர்த்துருவக் காந்தங்கள் பக்கத்தில் வந்ததும் ஒன்றை நோக்கி ஒன்று பாய்ந்தன. ஒன்று சில்லு தெறித்து உடைந்தது, என் கட்டைவிரலிலும் ஒரு ரத்தக்கட்டு. மரச் சக்கைகளை நடுவில் அடைத்து, நாளுக்கு இரண்டாக ஒட்டி முடிக்க நான்கு நாள் ஆனது. இந்த வேலை செய்பவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் இதன் பக்கமே வர வேண்டாம்.

ஊஞ்சல் கைகளில் அச்சுக்கு மூன்று துளைகள் போட்டோம். ஒன்று 3 மி.மீ. இடைவெளிக்கு, ஒன்று 6, ஒன்று 9. மூன்று மில்லியில் உரசாமல் ஓட வேண்டுமே என்று அண்ணன் உருளையைச் சுழற்றி, ஆட்டம் அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தார், அரை மில்லிக்கும் குறைவான ஆட்டம். தாராளம். ஹேண்டில்பாரிலிருந்து கேபிள் போட்டு ஓட்டிக்கொண்டே மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. ரோலரில் சைக்கிள் பக்கவாட்டில் அலையும், தரையோடு அதைக் கேபிளில் கட்டுவது விழுவதற்கு வழி. வேண்டாம் என்று விட்டேன். பாரம் மாற்ற இறங்கித்தான் ஆக வேண்டும்.

எந்த உருளையில் மாட்டுவது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முன் உருளையில் மாட்டினால் அத்தனை பாரமும் பெல்ட் வழியாகப் போகும், பெல்ட் வழுக்கும். பின்சக்கரம் நேராகத் தொடும் கடைசி உருளையில், தரையை ஒட்டி அடிப்பக்கமாகத் தொங்க விட்டேன். டயர் ஓடும் இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தராசு சொன்னது

3 மி.மீ. துளையில், 30 கி.மீ. வேகத்தில் 600 கிராம். நம்பாமல் இறங்கி வந்து தராசைக் கழற்றி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்க விட்டுச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. 6 மி.மீ. துளையில் 280 கிராம், 9 மி.மீ.யில் 130. வாட்டில் 98, 46, 21. ஒவ்வொரு 3 மி.மீ.க்கும் பாதிக்கும் கீழே விழுகிறது. மாற்றி மாற்றி வைத்த துருவங்களின் புலம் அவ்வளவு வேகமாகத் தேய்கிறது. ப்ளைவுட்டில் நான் ஜாக்கிரதையாக விட்ட அந்த 8 மி.மீ. என்ன செய்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. காந்தத்தின் அளவு இரண்டு முயற்சியிலும் ஒன்றேதான், எண்ணிக்கையில் இரண்டுதான் கூடுதல்.

வேகத்தை மாற்றியும் பார்த்தேன். 20 கி.மீ.யில் 440 கிராம், 40-இல் 700. வேகம் இரு மடங்கானாலும் இழுவை இரு மடங்காகவில்லை. வேகம் கூடும்போது உருளைக்குள் பிறக்கும் மின்னோட்டம் தானே ஒரு புலத்தை உண்டாக்கிக் காந்தத்தின் புலத்தை வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. இன்னும் வேகம் போனால் இழுவை உச்சத்தைத் தொட்டு இறங்கவே செய்யும். இந்தத் தடிமன் குழாய்க்கு அந்த உச்சம் என் கணக்கில் 60 கி.மீ.க்கு மேல் வருகிறது, எனக்குக் கவலை இல்லை. தடிமனான குழாய் வைத்திருப்பவர்களுக்கு அது முன்கூட்டியே வரும்.

பெடலை மறுபடி இரவல் வாங்கிச் சோதித்தேன். 30 கி.மீ.யில் 193 வாட். பழைய 90-ஐக் கழித்தால் 103. தராசு 98 என்கிறது. இடையில் உள்ள ஐந்து வாட் செயினிலும் பேரிங்கிலும் போயிருக்கும். முந்நூற்று ஐம்பது ரூபாய் தராசுக்கு இது போதும்.

இருபதாவது நிமிடம்

ஒரு வாரம் கழித்துத்தான் இதைக் கவனித்தேன். ஆரம்பத்தில் 600 காட்டும் தராசு, இருபது நிமிடம் கழித்து அதே வேகத்தில் 530-க்கு வந்துவிடுகிறது. காந்தம் செத்துக்கொண்டிருக்கிறதோ என்று பயம். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரிக்கு மேல் போனால் நிரந்தரமாகவே பலம் இழக்கும். இறங்கி உருளையைத் தொட்டேன். கையை வைத்து நான்கு எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது.

யோசித்தால் ஆச்சரியமில்லை. நான் கொடுக்கும் 98 வாட் எங்கேயும் போய்விடவில்லை, முழுக்க அந்த ஒரு உருளைக்குள் சூடாகவே இறங்குகிறது. உருளையில் இருப்பது ஒன்றே கால் கிலோ அலுமினியம். காற்று ஆற்றாவிட்டால் நிமிடத்துக்கு ஐந்து டிகிரி ஏறும். சுற்றிக்கொண்டே இருப்பதால் தானே விசிறிக்கொள்கிறது, அதனால் ஓரிடத்தில் நிற்கிறது. அலுமினியம் சூடாக ஆக மின்சாரம் கடத்துவது குறையும், பத்து டிகிரிக்கு ஏறத்தாழ நான்கு சதவீதம். மின்னோட்டம் குறைந்தால் இழுவையும் குறையும். காந்தமும் சூட்டில் தற்காலிகமாகக் கொஞ்சம் தளரும். மறுநாள் காலை ஏறியதும் தராசு மறுபடி 600. காந்தம் சாகவில்லை. இப்போது ஒரு பழைய டேபிள் ஃபேனை எனக்கும் உருளைக்கும் பொதுவாக வைத்திருக்கிறேன், 560-இல் நிற்கிறது.

காந்தம் தராதது ஒன்றும் இருக்கிறது. ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் 82 கிலோ ஓடுகிறது, மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். ரோலரில் ஓடுவது மூன்று உருளையும் இரண்டு சக்கரமும் மட்டுமே. அந்த ஓட்டத்தின் சக்தி ரோட்டில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முன்பு காலை நிறுத்தினால் நிற்க ஐந்து நொடி ஆகும். காந்தத்தோடு மூன்று நொடி. இரண்டு நொடிதானே என்று தோன்றும். கால் மாற்றிச் சுவரைப் பிடிக்க அந்த இரண்டு நொடிதான் எனக்குப் பழக்கம். முதல் நாள் அலமாரியோடு விழுந்தேன். இப்போது நிறுத்துவதற்கு முன்பே ஒரு கை கதவு நிலையில் இருக்கும். மிதிப்பதும் கொஞ்சம் வெட்டி வெட்டி வருகிறது. பெடல் மேலேயும் கீழேயும் வரும் இடத்தில் வேகம் சட்டென்று தளர்ந்து மறுபடி பிடிக்கிறது. எழுந்து நின்று ஓங்கி மிதித்தால் சைக்கிள் முன்னால் பாய்கிறது. நிலையான வேகத்தில் ஒரு மணி நேரம் மிதிக்க இது அருமை, விட்டு விட்டுப் பாய்வதற்கு ஆகாது. அது வேண்டும் என்றால் ஃப்ளைவீல், அதாவது ஓட்டத்தைத் தக்கவைக்கும் கனமான சக்கரம், சேர்க்க வேண்டும், அது வேறு வேலை.

பிளாஸ்டிக் அல்லது பி.வி.சி. உருளை வைத்திருப்பவர்களுக்கு இது நேராக உதவாது. மின்சாரம் கடத்தாத பொருளில் சுழல் மின்னோட்டம் பிறக்காது. உருளையின் பக்கவாட்டில் ஒரு தடிமனான அலுமினியத் தட்டைப் போல்ட் போட்டு, கரண்ட் மீட்டர் போலவே தட்டின் இரு பக்கமும் காந்தம் வைத்துக் கவ்வ விடலாம். இரும்பு உருளையில் முயற்சி செய்யவே வேண்டாம். காந்தம் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், பேரிங்தான் போகும்.

கடைசியாக ஒரு கோளாறு. இரண்டாவது மாதம் ஒரு நாள் உருளையிலிருந்து மணலை அரைப்பது போல ஒரு சத்தம். ஊஞ்சலைக் கழற்றிப் பார்த்தால் எட்டுக் காந்தத்திலும் கறுப்பாக மீசை முளைத்திருந்தது. இரும்புத் துகள். துளை பெரிதாக்கப் பட்டறைக்கு எடுத்துப் போனபோது லேத்துக்குக் கீழே வைத்திருந்தோம், அங்கே உதிர்ந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்திருக்கிறது. கையால் துடைத்தால் போகாது, மாவு பிசைந்து உருட்டி ஒற்றி ஒற்றித்தான் எடுத்தேன். அதற்குள் உருளையில் சுற்றிலும் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. இப்போது காந்தங்களுக்கு மேல் அகலமான செல்லோ டேப் ஒட்டியிருக்கிறேன், துகள் சேர்ந்தால் டேப்போடு உரித்துவிடலாம். கோடுகளைப் பார்த்த அண்ணன், “அடுத்த தடவை கொண்டு வந்தீங்கன்னா ஒரு நூல் கடைஞ்சு விட்டுடலாமுங்க” என்றார். ஒரு நூல் என்றால் மூன்று மில்லிக்கு மேல், குழாயே மூன்று மில்லிதான் என்று நினைவூட்டினேன். “அப்ப எமரி பேப்பரே போதும்” என்று சிரித்துவிட்டு லேத்தைப் போட்டார்.